ஈரலுக்கு நாடி பார்த்தல்

உறுப்பு மாற்றுச் சிகிச்சையைப் பற்றிச் சில வாரங்களுக்கு முன் இப்பகுதியில் எழுதியதைப் படித்த அன்பர் ஒருவர் நீண்டதொரு கடிதம் விடுத்திருக்கிறார். அவருடைய தம்பிக்கு அயல்நாட்டு வைத்தியசாலை ஒன்றில் ஈரல் மாற்றப்பட்டதாம். காயம் ஆறுமுன்னரே நாள்தோறும் ஒருவர் பொறியொன்றைத் தள்ளிக்கொண்டு வந்து, குளிர்ந்த பசையை வயிற்றிற் பூசி, விலா எலும்புகளின் இடையே ஒரு கைக்கருவியை அழுத்தி, அரைமணி நேரம் பார்த்துச் சென்றாராம். "சத்திரசிகிச்சை நன்றாக முடிந்தது என்று டொக்டர் கூறிவிட்டார். தம்பியும் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடிக்கிறான். அப்படியிருக்க, நாள்தோறும் இந்தத் தொல்லை எதற்கு?" என்று அன்பர் வினவுகிறார்.

வினா நியாயமானதே. தம்பி கஞ்சி குடிப்பதும் எழுந்து உட்காருவதும் மகிழ்ச்சிக்குரியவை. ஆயினும் டொக்டர் அறிய விரும்பும் செய்தியை அவை தெரிவிக்கமாட்டா. புதிய ஈரலுக்கு நேரக்கூடிய இடர்களுள் மிகக் கொடியதொன்று, நோயாளர் நலமாக இருப்பதுபோலத் தோன்றும் நாட்களிலேயே ஓசையின்றி வந்து சேர்கிறது. அதனை நோயாளர் உணரார். அருகிலிருக்கும் உறவினரும் காணார். இதனை விளங்கிக்கொள்வதற்கு ஈரலின் குருதியோட்டத்தைச் சிறிது அறிதல் வேண்டும்.

இருதயத்திலிருந்து குருதியைக் கொண்டுசெல்லும் குழாய் நாடி என்றும், இருதயத்துக்கு மீட்டுவருவது நாளம் என்றும் மாணவர் படித்திருப்பர். பெரும்பாலான உறுப்புக்களுக்குக் குருதி வரும் வழி நாடி ஒன்றே. ஈரலுக்கோ இரண்டு வழிகள் உள. ஒன்று ஈரல் நாடி. மற்றது ஈரல்வாயி நாளம்; குடலிலிருந்தும் மண்ணீரலிலிருந்தும் உணவின் சத்தைச் சுமந்துவரும் குருதி இதன் வழியே வருகிறது. இரண்டினாலும் நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒன்றரை லீற்றர் குருதி ஈரலுட் புகுகிறது. அதில் முக்காற் பங்கு நாளத்தினால் வருவது. நாடி கொண்டுவருவது காற்பங்கே. ஆயின் நாடியின் குருதி ஒட்சிசன் நிறைந்தது. ஆதலின் ஈரலுக்கு வேண்டிய ஒட்சிசனில் ஏறத்தாழ அரைவாசியை அச்சிறு பங்கே அளித்துவிடுகிறது. உட்புகுந்த குருதி முழுவதும் ஈரல் நாளங்களால் வெளியேறிக் கீழ்ப்பெருநாளத்தை அடைந்து இருதயம் சேரும்.

புதிய ஈரலைப் பொருத்தும் சத்திர வைத்தியர் இக்குழாய்களையும் பித்தக்கானையும் ஒவ்வொன்றாகத் தைத்து இணைக்கிறார். வாயி நாளம் சுண்டுவிரலளவு பருமனுடையது. அதனைத் தைப்பதில் இடர் குறைவு. ஈரல் நாடியோ வளர்ந்தோரிற்கூட 3 முதல் 5 மில்லிமீற்றர் விட்டமுடையதே. சிறு குழந்தைகளில் அது ஓலை ஈர்க்கின் பருமனே இருப்பதும் உண்டு. அதன் விளிம்பைச் சுற்றித் தலைமயிரினும் மெல்லிய நூலால் தைத்தல் வேண்டும். ஜப்பானில் கியோட்டோ நகரத்து வைத்தியர்கள் 1990களின் தொடக்கத்தில், நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து இந்நாடியைத் தைக்கும் முறையைக் கையாண்டு நல்ல பயன் கண்டனர். எவ்வளவு நேர்த்தியாகத் தைத்தாலும், குழாயினுள்ளே ஒரு சிறு மடிப்போ, கிழிவோ, முறுக்கோ அமைந்துவிட்டால் அவ்விடத்திற் குருதி உறைந்து கட்டியாகலாம்.

'முக்காற் பங்கு குருதி நாளத்தின் வழி வந்துகொண்டுதானே இருக்கிறது? நாடி அடைபட்டால் என்ன?' என்று மாணவர் கேட்கலாம். ஈரற் கலங்கள் ஓரளவுக்கு அக்குருதியைக் கொண்டே பிழைத்திருக்கவுங் கூடும். ஆயின் ஈரலினுள்ளே மரத்தின் கிளைகள் போற் பரந்திருக்கும் பித்தக்கான்களுக்கு அந்த வசதி இல்லை. மாற்றிய ஈரலில் அவை நாடியின் குருதியை மட்டுமே நம்பி வாழ்வன. நாடி அடைபட்டால் அவற்றின் சுவர்கள் செத்து அழுகத் தொடங்கும். பித்தம் கசிந்து குட்டை குட்டையாகத் தேங்கும். அதிற் கிருமிகள் குடிபுகும். காய்ச்சலும் மஞ்சள் நிறமும் வெளியே தோன்றும்போது உள்ளே பெரும் பகுதி கெட்டுப்போயிருக்கும்.

நம்முடைய சொந்த ஈரலில் இந்நாடி அடைபட்டாற் பெரும்பாலும் இத்துணைக் கேடு விளைவதில்லை. பிரிமென்றகட்டிலிருந்தும் அயலிலுள்ள பிற இடங்களிலிருந்தும் வரும் நுண்ணிய நாடிகள் பக்கவழிகளாக நின்று உதவும். யாழ்ப்பாணத்து வெங்காயத் தோட்டத்தில் நீர் இறைக்கும்போது ஒரு வாய்க்கால் அடைபட்டாற் கமக்காரர் மண்வெட்டியால் அடுத்த வாய்க்காலின் வரம்பைத் திறந்துவிடுகிறார் அல்லவா? அதுபோன்றதே இது. ஆனால் மாற்றிய ஈரலை முன்னைய உடலிலிருந்து பெயர்த்தெடுத்தபோதே அப்பக்கவழிகள் யாவும் அறுபட்டுப் போயின. எஞ்சியிருப்பது தைத்திணைத்த வாய்க்கால் ஒன்றே. மாதங்கள் சென்றபின் புதிய பக்கவழிகள் முளைப்பதுண்டு. முதல் வாரங்களில் அவை இல்லை. நரம்புத் தொடர்பும் அறுபட்டுவிட்டமையால் வலியென்னும் தூதுவனும் வரமாட்டான்.

2009ஆம் ஆண்டில் நெதர்லாந்து மருத்துவர் சிலர், பல நாடுகளின் வைத்தியசாலைகள் வெளியிட்ட அறிக்கைகளைத் தொகுத்து, 21,000க்கு மேற்பட்ட ஈரல் மாற்றுக்களை ஆராய்ந்தனர். நூற்றுக்கு ஏறத்தாழ 4 பேரில் நாடி தொடக்கக் காலத்திலேயே அடைபட்டிருந்தது. வளர்ந்தோரை மட்டும் நோக்கின் அது 3க்குச் சற்றுக் குறைவு. சிறுவரிலோ 8க்குச் சற்று மேல். அவ்வாறு அடைபட்டவர்களுள் அரைவாசிக்கு மேற்பட்டோருக்கு இரண்டாம் முறையும் ஈரல் மாற்ற நேர்ந்தது. மூன்றில் ஒரு பங்கினர் இறந்தனர்.

இரண்டாவது ஈரல் எங்கிருந்து வரும்? இதுதான் நெஞ்சை அழுத்தும் கேள்வி. அமெரிக்காவில் டென்வர் நகரில் 1963 மார்ச் 1ஆம் நாள் டொக்டர் தோமஸ் ஸ்டார்சல் முதன்முதலாக மனிதருக்கு ஈரல் மாற்றியபோது, அக்குழந்தை குருதிப் பெருக்கினால் மேசையிலேயே உயிர் நீத்தது. 1967இல்தான் அவரிடம் சிகிச்சை பெற்ற ஒருவர் ஓராண்டுக்கு மேல் வாழ்ந்தார். அக்காலத்து ஈரல்கள் இறந்தோரிடமிருந்து பெற்றவை. 1989இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில், தாயொருத்தியின் ஈரலில் ஒரு பகுதியை வெட்டியெடுத்து அவளுடைய மகனுக்குப் பொருத்தினர், இருவரும் பிழைத்தனர். ஆசிய நாடுகளில் இன்று நடைபெறும் ஈரல் மாற்றுக்களிற் பெரும் பகுதி இவ்வகையினதே. தாயோ தந்தையோ உடன்பிறந்தாரோ தம் வயிற்றைக் கிழித்துக் கொடுத்த ஈரலை அவரே மறுமுறை கொடுக்க இயலாது. எனவே அடைப்பு நேர்ந்த நாளிலேயே அதனைக் கண்டுபிடித்தல் எத்துணை முக்கியம் என்பதை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

இனி அந்தப் பொறியின் கதைக்கு வருவோம். மனிதச் செவி செக்கனுக்கு 20,000 அதிர்வுவரை கேட்கும். அதற்கு மேற்பட்ட ஒலியைக் கழியொலி என்கிறோம். வைத்தியர் பயன்படுத்தும் கைக்கருவி செக்கனுக்கு 30 இலட்சம் அதிர்வளவில் ஒலியை உடலுட் செலுத்தி, திரும்பி வரும் எதிரொலியைக் கொண்டு படம் வரைகிறது. தோலுக்கும் கருவிக்கும் இடையே சிறிதளவு காற்று இருப்பினும் ஒலி உட்செல்லாது. அதற்காகவே அந்தக் குளிர்ந்த பசை. இந்தப் படத்தில் ஈரலின் உருவம் தெரியும்; அதனைச் சுற்றி நீரோ குருதியோ தேங்கியிருப்பின் அதுவும் தெரியும். ஆனால் ஒரு குழாயினுள்ளே குருதி ஓடுகிறதா, நின்றுவிட்டதா என்பதை இப்படம் மட்டும் உறுதியாகச் சொல்லாது. அதற்கு வேண்டிய விதி வானிலிருந்து வந்தது!

ஒஸ்திரியாவின் சால்ஸ்பேர்க் நகரிற் பிறந்த கிறிஸ்தியன் டொப்ளர் என்னும் பேராசிரியர், 1842இல் பிராக் நகரத்து அறிஞர் அவையொன்றில் விண்மீன்களின் நிறத்தைப் பற்றி ஒரு கட்டுரை படித்தார். ஒளியையோ ஒலியையோ விடுக்கும் பொருள் நம்மை நெருங்கினால் அதன் அதிர்வு மிகுந்தும், விலகினாற் குறைந்தும் நமக்குப் புலப்படும் என்பது அவர் கருத்து. விண்மீன்களின் நிறத்துக்கு அவர் கூறிய விளக்கம் பொருந்தவில்லை. விதியோ பொன்னான விதி. மூன்று ஆண்டுகளின் பின், 1845இல், பைஸ் பலோற் என்னும் ஒல்லாந்த அறிஞர் இதனைச் சோதிக்க முற்பட்டார். உட்ரெக்ட் நகருக்கு அண்மையில் ஓடும் புகையிரதத்தில் எக்காளம் ஊதுவோரை ஏற்றி, சங்கீத ஞானமுடைய சிலரைப் பாதையோரத்தில் நிறுத்திச் சுருதியைக் கேட்கச் செய்தார். புகையிரதம் நெருங்கி வருகையிற் சுருதி ஏறியது. கடந்து செல்கையில் இறங்கியது. நம் ஊர்ப் புகையிரதப் பாதையோரத்தில் நின்ற எவரும் ஊதலொலியில் இதனைக் கேட்டிருப்பர்.

ஜப்பானில் ஒசாக்கா நகரத்தில் ஷிகியோ சதொமுரா என்னும் பௌதிக அறிஞர், இவ்விதியைக் கழியொலியுடன் சேர்த்து 1950களில் இருதயத்தின் அசைவையும் பின்னர் குருதியின் ஓட்டத்தையும் ஆராய்ந்தார். குருதியிலுள்ள செங்கலங்களே இங்கு புகையிரதம். அவற்றில் மோதித் திரும்பும் ஒலியின் அதிர்வு, அவை ஓடும் வேகத்துக்கேற்ப மாறியிருக்கும்.

கணக்கில் விருப்பமுள்ள மாணவருக்காக ஒரு சிறு கணக்கு. உடலில் ஒலியின் வேகம் செக்கனுக்கு 1,540 மீற்றர். நாடியிற் குருதி செக்கனுக்கு 50 சென்ரிமீற்றர் வேகத்தில் ஓடுவதாகவும், கருவியின் ஒலிக்கற்றை குழாயுடன் 60 பாகை சாய்ந்திருப்பதாகவும் கொள்வோம். அதிர்வில் உண்டாகும் மாற்றம், வேகத்தின் இருமடங்கை அதிர்வாலும் கோணத்தின் கோசைனாலும் பெருக்கி, ஒலியின் வேகத்தால் வகுத்தால் வருவது. 30 இலட்சம் அதிர்வுக்கு அது செக்கனுக்கு ஏறத்தாழ 970. வியப்பு என்னவெனில், செவிக்கு எட்டாத ஒலியை அனுப்பி நாம் பெறும் அந்த மாற்றம் செவிக்கு எட்டும் அளவிலேயே அமைந்திருக்கிறது! ஆகவேதான் கட்டிலருகே அப்பொறியிலிருந்து 'வுஷ், வுஷ்' என்ற ஓசை எழுகிறது. நம் முன்னோர் மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து நாடி பார்த்தனர். விரலுக்கு எட்டாத ஆழத்திலுள்ள ஈரல் நாடியை இன்று செவியாலும் கண்ணாலும் பார்க்கிறார்கள்.

அதே கணக்கில் ஓர் எச்சரிக்கையும் அடங்கியுள்ளது. கற்றை குழாய்க்குச் செங்குத்தாக, 90 பாகையில், விழுந்தாற் கோசைன் பூச்சியம், மாற்றமும் பூச்சியம். குருதி வெள்ளமாக ஓடிக்கொண்டிருந்தாலும் பொறி 'ஓட்டமில்லை' என்றே காட்டும். அதனாலேதான் அவர் கருவியைச் சரித்தும் திருப்பியும், இன்னொரு விலா இடுக்கில் வைத்தும், "மூச்சை அடக்குங்கள்" என்று கூறியும் அரைமணி நேரம் செலவிடுகிறார். இந்தப் பொறியின் திறமையிற் பெரும் பகுதி அதைப் பிடித்திருக்கும் கையின் திறமை என்பதே என் எண்ணம். விலையுயர்ந்த பொறியை வாங்கிவிட்டு அதற்கேற்ற பயிற்சியை அளிக்காத வைத்தியசாலை, வீணையை வாங்கிச் சுவரில் மாட்டிய வீட்டைப் போன்றது.

திரையில் தோன்றும் சிவப்பும் நீலமும் நாடியையும் நாளத்தையும் குறிப்பன என்று பலர் எண்ணுகின்றனர். அவ்வாறன்று. வழக்கமான அமைப்பிற் கருவியை நோக்கி வரும் ஓட்டம் சிவப்பு, விலகிச் செல்வது நீலம், அவ்வளவே. வைத்தியர் கூர்ந்து நோக்குவது நிறத்தைக் காட்டிலும் கீழே ஓடும் அலைக்கோட்டினை. நலமான ஈரல் நாடியில் ஒவ்வொரு துடிப்புக்கும் கோடு செங்குத்தாக எழுந்து, மெல்லச் சரிந்து, அடுத்த துடிப்புவரை நிலத்தைத் தொடாமல் நிற்கும். இருதயம் தளர்ந்திருக்கும் வேளையிலும் ஈரல் குருதியை விரும்பி ஏற்கிறது என்பது அதன் பொருள். உச்ச வேகம் 60, துடிப்பின் முடிவில் 20 என்றால், வித்தியாசமான 40ஐ 60ஆல் வகுக்க 0.67 வரும். இதனைத் தடைச் சுட்டெண் எனலாம். 0.5க்கும் 0.8க்கும் இடையில் இருப்பின் பொதுவாக நலம்.

தையல் இடத்தில் நாடி ஒடுங்கியிருப்பின், அதற்கு அப்பாலுள்ள ஓட்டம் சோர்ந்துபோகும். கோடு செங்குத்தாக எழாமல், 0.08 செக்கனுக்கு மேல் எடுத்துக்கொண்டு மேடேறும், உச்சியும் தாழ்ந்திருக்கும், சுட்டெண் 0.5க்குக் கீழிறங்கும். ஒடுங்கிய இடத்திலோ இதற்கு மாறாக வேகம் பன்மடங்கு பெருகும். நீர்க்குழாயின் வாயைப் பெருவிரலால் அடைத்தாற் பீறிட்டுப் பாய்வதைப் போல. முழுவதும் அடைபட்டால் ஓசையும் இல்லை, கோடும் இல்லை. மறுபுறம், முதல் இரண்டு மூன்று நாட்களிற் சுட்டெண் 0.8ஐத் தாண்டி நிற்பதும் உண்டு. குளிரில் வைத்துக் கொணர்ந்த ஈரல் சிறிது வீங்கியிருப்பதனால் நேர்வது இது. பெரும்பாலும் தானே தணியும். ஆகவே ஒரு நாளின் எண்ணைவிட நேற்றும் இன்றும் நாளையும் அது எவ்வாறு நகர்கிறது என்பதே வைத்தியருக்கு வேண்டும். அன்பரின் வினாவுக்கு நேர்விடை இதுவே.

வாயி நாளத்தையும் ஈரல் நாளங்களையும் அதே அமர்வில் பார்த்துவிடுவர். வாயி நாளத்தின் ஓட்டம் ஈரலை நோக்கிச் சீராக ஓடும் ஆற்றைப் போன்றது. ஈரல் நாளங்களோ இருதயத்துக்கு அண்மையில் இருப்பதால் அதன் விரிவும் சுருக்கமும் அலையலையாக அவற்றிற் பதிவாகும். வெளிவாயில் ஒடுங்கினால் அவ்வலைகள் மழுங்கித் தட்டையாகும். ஆயினும் தட்டையான கோடு வேறு காரணங்களாலும் தோன்றக்கூடும். அதனை மட்டும் கொண்டு தீர்ப்புக் கூறுதல் தகாது. ஒருவரின் ஈரற் பகுதியைப் பெற்ற குழந்தையில், அப்பகுதி வளர்கையிற் சற்றே திரும்பி வெளிவாயிலை நெரிப்பதும் உண்டு.

நாடியின் ஓட்டம் எவ்வளவு தேடியும் புலப்படவில்லையாயின் உடனே வயிற்றைத் திறந்துவிடுவதில்லை. செங்கலத்தினும் சிறிய வாயுக் குமிழிகள் கொண்ட மருந்தொன்றைக் கைநாளத்தில் ஏற்றி மறுபடியும் பார்ப்பர். அக்குமிழிகள் ஒலியை வலிமையாக எதிரொலிப்பதனால் மெலிந்த ஓட்டமும் ஒளிரும்; பின்னர் அந்த வாயு மூச்சுடன் வெளியேறிவிடும். அப்போதும் ஐயம் தீராவிடின் சீ.ரீ. ஸ்கான் எடுத்தோ, தொடை நாடி வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தியோ உறுதிப்படுத்துவர். அடைப்பை விரைவிற் கண்டால் மீண்டும் திறந்து கட்டியை அகற்றித் தைக்கலாம். அல்லது அம்மெல்லிய குழாய் வழியே கட்டியைக் கரைக்கும் மருந்தைச் செலுத்தலாம். ஒடுக்கமாயின் சிறு பலூனால் விரித்துக் கம்பிவலைக் குழலொன்றை உள்ளே நிறுத்தலாம். பித்தக்கான்கள் அழுகியபின் கண்டாற் பெரும்பாலும் மற்றோர் ஈரலைத் தேடுவதே வழி. அமெரிக்காவில், மாற்றிய 7 நாட்களுள் நாடி அடைபட்டு ஈரல் செயலிழந்தவரைக் காத்திருப்போர் பட்டியலின் முதல் நிலையில் வைக்கிறார்கள்.

அன்பர் கடிதத்தின் இறுதியில், இச்சோதனையினால் உடலுக்குத் தீங்கு உண்டா என்றும், அதற்கு முன் தம்பி பட்டினி கிடக்கவேண்டுமா என்றும் கேட்டிருக்கிறார். இதில் எக்ஸ் கதிர் எதுவும் இல்லை. நாள்தோறும் செய்வதனாற் கேடில்லை. புதிய காயத்தின் அருகே அழுத்துவது சற்று நோகும். நோவதைச் சொன்னால் கையை மெதுவாக்குவர். உணவு உண்டபின் வாயி நாளத்தின் ஓட்டம் மிகுவதாலும், குடலிலுள்ள காற்று ஒலியை மறைப்பதாலும், வீடு திரும்பியபின் நாட்குறித்துச் செய்யும் சோதனைக்குச் சுமார் 6 மணி நேரம் உண்ணாதிருக்கச் சொல்வார்கள். தண்ணீரும் மருந்தும் எப்போது எடுக்கலாம் என்பதை அங்குள்ள தாதியிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளலாம். முதல் வாரத்தில் அந்த நியதியும் இல்லை. கஞ்சி குடித்த வயிறாயினும் பொறி வந்தவுடன் பார்ப்பார்கள்.